அவ்வாவின் ராகிக் களியும் ஒன்பது ஐட்டம் சாப்பாடும்

இன்னைக்கு எழுதப்போறது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பாட்டுல ஆரம்பிச்சு சரித்திரத்துல நுழைஞ்சு கடைசியில எங்க ஊர் ஆத்துல போய் விழும். டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க.

போன ஜனவரியில ஒரு பெரிய ரிலீஸ் முடிஞ்சது. அந்த சந்தோஷத்துல எங்க மேனேஜர் டீமையே பெங்களூர்ல ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனார். பேர் வேண்டாம். மெனு கார்டுன்னு ஒண்ணும் கிடையாது. அவங்க குடுக்கறதை நாம சாப்பிடணும், மொத்தம் ஒன்பது ஐட்டம். எல்லாமே இந்த மண்ணுல, இந்தப் பருவத்துல விளைஞ்சதுன்னு ஒருத்தர் வந்து அழகா விளக்கினார். அஞ்சாவதா வந்த தட்டுல நெல்லிக்காய் சைஸ்ல ஒரு ராகி உருண்டை. அதுக்கு மேல வெளிர் பச்சையா கொஞ்சம் நுரை. அவரைக்கொட்டையை வேகவச்ச தண்ணியில பண்ண நுரையாம். ருசி நல்லாவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனா ஒருத்தருக்கு ஆன பில்லைப் பாத்தப்போ எங்க வீட்டு ஒரு மாச மளிகைக் கணக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்து அவ்வாகிட்ட சொன்னேன். (நாங்க இருக்கறது ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி. வீட்ல தெலுங்கு, தெருவுல கன்னடம், ஸ்கூல்ல தமிழ். அதனால பாட்டி எங்களுக்கு அவ்வா.) அவங்களுக்கு எண்பது தாண்டிடுச்சு. முழுசாக் கேட்டுட்டு சிரிச்சாங்க.

"நுரையாடா? அதை வாங்கித் திங்கறதுக்கு அவ்ளோ தூரம் போகணுமா? நம்ம டேம்ல வந்து அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு."

அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. "அது சரி, அந்த அவரைக்காய் எந்தத் தண்ணியில வெளஞ்சதாம்?"

எனக்கு பதில் தெரியல. அந்த ஓட்டல்ல நான் அதைக் கேக்கவும் இல்ல. அந்தக் கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

உள்ளூர், பருவம் - யார் ஆரம்பிச்சது?

இந்த 'உள்ளூர்ல விளைஞ்சது, பருவத்துக்குத் தகுந்தது' சமாச்சாரம் ஓட்டல் உலகத்துல பெரிசா பேசப்பட ஆரம்பிச்சது அமெரிக்காவுல. 1971ல கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஊர்ல ஆலிஸ் வாட்டர்ஸ் 'ஷே பனீஸ்'னு ஒரு ஓட்டல் திறந்தாங்க. பக்கத்துப் பண்ணைகள்ல அன்னைக்கு என்ன நல்லா கிடைக்குதோ அதை வச்சு சமைக்கிறதுதான் அங்க வழக்கம். டப்பாவுல அடைச்சது, குளிர்ப்பெட்டியில உறைஞ்சதுன்னு சாப்பிட்டுப் பழகின ஊருக்கு அது புதுசா இருந்தது.

இந்தியச் சமையல்ல இதைப் பெரிய அளவுல செஞ்சு காட்டினவர் ஃப்ளாய்ட் கார்டோஸ். பம்பாய்க்காரர். 1998ல நியூயார்க்ல டேனி மேயரோட சேர்ந்து 'தப்லா'ன்னு ஒரு ஓட்டல் தொடங்கினார். நியூயார்க் பக்கத்துப் பண்ணைக் காய்கறியும் அந்தக் கடல் மீனும், கூட நம்ம மசாலா. அதுவரைக்கும் அங்க இந்திய ஓட்டல்னா பெரும்பாலும் நானும் பட்டர் சிக்கனும்தான். 2010 கடைசியில தப்லாவை மூடிட்டாங்க. அடுத்த வருஷமே ஒரு பெரிய டிவி சமையல் போட்டியில கார்டோஸ் ஜெயிச்சார். கடைசிச் சுத்துல அவர் செஞ்சது என்ன தெரியுமா? காளான் போட்ட உப்புமா! நம்ம ஹாஸ்டல்ல காலையில உப்புமான்னு கேட்டாலே தலைதெறிக்க ஓடுவோம் :-)

அவரே 2015ல மும்பையில சமீர் சேத், யஷ் பனாகே கூட சேர்ந்து 'பாம்பே கேன்டீன்' ஆரம்பிச்சார். இந்தியாவிலேயே விளையற, ஆனா பெரிய ஓட்டல்கள் தொடாத காய், கீரை, தானியம் எல்லாத்தையும் அங்க மெனுவுல ஏத்தினாங்க. 2020 மார்ச் 25ல கொரோனாவுல கார்டோஸ் இறந்துட்டார், வயசு 59. இப்ப மும்பை, டெல்லி, கோவா, பெங்களூர்னு இந்த மாதிரி ஓட்டல்கள் நிறைய வந்தாச்சு. பெங்களூருக்கு வடக்கே 'ஃபார்ம்லோர்' ஒரு பண்ணைக்குள்ளேயே நடக்குது.

இதுல நம்ம ஆள் ஒருத்தரும் இருக்கார். விஜய் குமார், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக்காரர். 2021ல நியூயார்க்ல திறந்த 'செம்மா' ஓட்டலோட தலைமைச் சமையல்காரர். 2022ல அந்த ஓட்டலுக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைச்சது. 2025ல ஜேம்ஸ் பியர்ட் விருது மேடையில வேட்டி கட்டிக்கிட்டு நின்னார். அங்க பேர் வாங்கின ஐட்டங்கள்ல ஒண்ணு நத்தைப் பிரட்டல். சின்ன வயசுல வயல்ல பொறுக்கின நத்தை. ஏழைச் சாப்பாடு, பணக்காரச் சாப்பாடுன்னு ஒண்ணும் இல்லைங்கற மாதிரி அந்த மேடையில பேசினார். அந்த வீடியோவை நான் நாலு தடவை பாத்தேன். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

பத்தாக்குறையும் ஒரு சமையல்காரர்தான்

இதெல்லாம் புதுசான்னா, பேர் மட்டும்தான் புதுசு. இருக்கறதை வச்சு சமைக்கிறதுக்கு நம்ம பக்கத்துலயே பிரமாதமான ஓர் உதாரணம் இருக்கு. பெங்களூர் எம்.டி.ஆர். 1924ல மையா சகோதரர்கள் ஆரம்பிச்ச கடை. இரண்டாம் உலகப் போர்ல, 1942ல ஜப்பான் ரங்கூனைப் பிடிச்சதும் பர்மா அரிசி வரத்து நின்னுபோச்சு. அரிசிக்குத் தட்டுப்பாடு. இட்லிக்கடையில அரிசி இல்லாட்டி என்ன பண்றது? ரவையை வச்சு முயற்சி பண்ணினாங்க. அப்படி வந்ததுதான் ரவா இட்லின்னு எம்.டி.ஆர். சொல்லுது. இன்னைக்கு அதை யாரும் பஞ்சகாலத்துச் சாப்பாடுன்னு நினைக்கிறதில்ல, எக்ஸ்ட்ரா நெய் விட்டு சாப்பிடறோம்.

அந்தக் காலத்துல உள்ளூர்ச் சாப்பாட்டை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கல. வேற வழி கிடையாது, அவ்வளவுதான். வேற வழி இருந்தும் அதையே தேடிப்போறது புதுப்பழக்கம்.

ராகி வந்த கதை

எங்க மண்ணுல அந்த 'வேற வழி இல்லாத' சாப்பாடு ராகிதான். கேழ்வரகுன்னு புத்தகத்துல எழுதறோம், ஊர்ல யாரும் அப்படிச் சொல்றதில்ல. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, ராகி இந்த மண்ணுல பிறந்ததே இல்ல. எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நிலத்துல காட்டுப்புல்லா இருந்ததைப் பழக்கி எடுத்தது ஆப்பிரிக்க விவசாயிங்க. அங்கிருந்து எப்ப இங்க வந்ததுங்கறதுல ஆய்வாளர்களுக்குள்ள இன்னும் வழக்கு ஓடுது. கர்நாடகாவுல ஹல்லூர்ங்கற இடத்துல பழைய ராகி மணி கிடைச்சதா முதல்ல சொன்னாங்க. பின்னாடி வந்தவங்க அது நிஜமாவே ராகிதானான்னு சந்தேகப்பட்டாங்க. எப்படியோ, ஆயிரக்கணக்கான வருஷமா இங்க இருக்கு. இப்ப 'உள்ளூர் தானியம்'னு பேர் வாங்கிடுச்சு. நாலு தலைமுறை ஒரு ஊர்ல இருந்தா நம்மளையும் உள்ளூர்க்காரன்னுதானே சொல்றாங்க!

1799ல திப்பு சுல்தான் விழுந்தப்புறம் ஓசூர் பக்கம் கம்பெனி கைக்குப் போச்சு. கிருஷ்ணகிரி, தருமபுரி இருக்கற பாரமஹால் அதுக்கு முன்னாடியே, 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துலயே போயிடுச்சு. பாரமஹால்லதான் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, விவசாயிகிட்ட நேரடியா வரி வாங்கற ரயத்துவாரி முறைக்கு அடி போட்டாங்க. 1800ல வெல்லெஸ்லி உத்தரவுல ஃப்ரான்சிஸ் புக்கானன்னு ஒரு டாக்டர் மைசூர் ராஜ்ஜியம் பூரா சுத்தி, என்ன விதைக்கிறாங்க, எப்படி உழறாங்கன்னு எழுதி வச்சார். 1807ல மூணு பாகமா வந்த புத்தகம் அது. புன்செய் நிலத்துல முக்கியமான பயிர் ராகின்னு அவர் எழுதியிருக்கார். ராகிக்கு நடுநடுவுல சால் விட்டு அவரையும் துவரையும் விதைக்கிறதையும் பதிவு பண்ணியிருக்கார்.

அந்தச் சாலைத்தான் எங்க பக்கம் அக்கடின்னு சொல்றோம். இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, எங்க மேட்டுக்காட்டுல இன்னைக்கும் அதேதான். பத்துப் பன்னெண்டு வரிசை ராகி, ஒரு வரிசை அவரை. ஓரத்துல கொஞ்சம் கடுகு, ஆமணக்கு. இதுல ஒரு கணக்கு இருக்கு. மழை நல்லாப் பெய்தா ராகி. இடையில மழை ஏமாத்திட்டா ராகி வாடும், ஆனா ஆழமா வேர் விட்ட துவரையும் அவரையும் பிழைச்சுக்கும். அவரை காத்துல இருக்கற தழைச்சத்தை மண்ணுல சேர்க்கும். எங்க பாஷையில சொன்னா, ஒரு சர்வர் விழுந்தா இன்னொண்ணு தாங்கும் :-)

ராகியோட இன்னொரு குணம், பூச்சி அவ்வளவு சுலபமா தொடாது. குழி வெட்டி உள்ளே கொட்டி மூடி வச்சா வருஷக்கணக்குல கெடாது. மைசூர் சீமையில அதுக்கு ஹகேவுன்னு பேர். பஞ்சத்துக்கு அதுதான் காப்பு. ஆனா அந்தக் காப்பும் பத்தாம போன காலம் உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல மழை தொடர்ந்து பொய்ச்சது. அப்ப நாங்க இருந்த சேலம் மாவட்டமும், பக்கத்து மைசூரும் மோசமா அடிபட்டது. மைசூர்ல மட்டும் சுமார் பத்து லட்சம் பேர் செத்திருப்பாங்கன்னு கணக்கு சொல்றாங்க. அந்தப் பஞ்சம் முடிஞ்ச வருஷத்துல, 1878 டிசம்பர்ல, ஓசூருக்குப் பக்கத்துல தொரப்பள்ளியில பிறந்தவர்தான் ராஜாஜி. அவரே 1952ல முதலமைச்சரானதும் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்.

அரிசி வந்து உக்காந்த கதை

அவ்வா சொல்றதை வச்சுப் பாத்தா, அவங்க கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த காலத்துல அரிசிச்சோறு யுகாதிக்கும் சங்கராந்திக்கும்தான். மத்த நாளெல்லாம் மூணு வேளையும் ராகி. காலையில கூழ், மதியம் களி, ராத்திரியும் களி. அரிசிச்சோறு தின்னா வசதியான வீடுன்னு அர்த்தம்.

1967 தேர்தல்ல தி.மு.க. 'ரூபாய்க்கு மூணு படி அரிசி' சொல்லி ஜெயிச்சது. சென்னையிலயும் கோவையிலயும் ரூபாய்க்கு ஒரு படி குடுத்தாங்க. அதுக்கப்புறம் ரேஷன் கடை ஊர் ஊரா பரவினது. 2008 செப்டம்பர்ல கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன்லருந்து இலவசம். இதைக் குறை சொல்ற ஆள் நான் இல்ல. எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சதுக்கு அந்த அரிசியும் ஒரு காரணம். பசின்னா என்னன்னு தெரிஞ்சவங்க யாரும் அதைக் குறை சொல்ல மாட்டாங்க. ஆனா சும்மா கிடைக்கற அரிசி முன்னாடி, வெயில்ல அறுத்து, மாடு கட்டி மிதிச்சு, தூத்தி, அரைச்சு, அப்புறம் கிண்டற ராகி எப்படி நிக்கும்? களி கிண்டறது உடம்பு வேலை. எங்க அம்மா தலைமுறையே வாரத்துல ரெண்டு நாளா குறைச்சிடுச்சு.

கூடவே கௌரவமும் சேர்ந்துக்கிச்சு. நான் இன்ஜினியரிங் படிச்சது வெளியூர்ல. ஹாஸ்டல்ல முதல் வருஷம் ஊர்லருந்து ராகி உருண்டை குடுத்து விட்டிருந்தாங்க. பசங்க பாத்துட்டு, 'டேய், ஜெயில் களிடா'ன்னு கிண்டல் பண்ணினாங்க. அன்னையிலருந்து நாலு வருஷம் எனக்குப் பட்டப்பேர் 'களி'. அதுக்கப்புறம் வீட்லருந்து எது குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிட்டுதான் பஸ் ஏறுவேன். அவ்வா ஏன்னு கேப்பாங்க, கேன்டீன்ல நல்லாயிருக்குன்னு பொய் சொல்லுவேன். விஜய் குமார் வீடியோவை நாலு தடவை பாத்தது இதனாலதான்.

இடையில ராகியை முழுசா கைவிடாம பாத்துக்கிட்டவங்களும் இருந்தாங்க. மண்டியா பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணையில லட்சுமணய்யான்னு ஒருத்தர். ஆப்பிரிக்க ராகியையும் நம்ம ராகியையும் ஒட்டுச் சேர்த்து 'இண்டாஃப்' ரகங்களைக் கொண்டு வந்தார். இந்தியா பாதி, ஆப்பிரிக்கா பாதி, அதான் பேர். விளைச்சல் நல்லா ஏறிச்சு. கர்நாடகாவுல அவரை இன்னும் ராகி லட்சுமணய்யான்னுதான் சொல்றாங்க. ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி பிரிஞ்ச சொந்தக்காரங்களைக் கூட்டி வந்து கல்யாணம் பண்ணி வச்ச மாதிரி. ஐ.நா. 2023ஐ சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சது. அதே வருஷம் தமிழக அரசு தருமபுரியிலயும் நீலகிரியிலயும் ரேஷன்ல அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி குடுக்க ஆரம்பிச்சது. வட்டம் சுத்தி வந்துடுச்சு போல.

அவரைக்கு மட்டும் ஏன் மார்கழி?

பெங்களூருக்கு அந்தப் பேர் எப்படி வந்ததுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. ஹொய்சள ராஜா வீரபல்லாளன் காட்டுல வழி தவறி பசியோட ஒரு குடிசைக்குப் போனானாம். கிழவி ஒருத்தி வேகவச்ச கொட்டை குடுத்தாளாம். 'பெந்தகாளூரு', வெந்த கொட்டை ஊர். அந்தக் கொட்டை அவரைன்னு ஆசையாச் சொல்லிக்கிறாங்க. ஆனா எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்துல பேகூர்ல நாகேஸ்வரர் கோயில் இருக்கு. அங்க சுமார் 890ஆம் வருஷத்து கங்கர் காலக் கல்வெட்டுல 'பெங்களூரு'ங்கற பேர் அப்பவே இருக்கு. வீரபல்லாளன் வந்தது அதுக்கு முந்நூறு வருஷம் கழிச்சு. அதனால கதை கதைதான். ஒரு ஊரே தன் பேரைக் கொட்டையோட சேர்த்து வச்சுக்க ஆசைப்பட்டிருக்குன்னா, அந்த ருசி எப்படிப்பட்டதுன்னு மட்டும் புரிஞ்சுக்கலாம்.

நாட்டு அவரைக்கு ஒரு விசேஷம், பகல் குறைஞ்சு ராத்திரி நீண்டாத்தான் பூக்கும். ஆடியில விதைச்சாலும் ஐப்பசி வரைக்கும் கொடி சும்மா வளரும். கார்த்திகையில பூ, மார்கழியில காய். பனியில நனைஞ்ச காயைத் தொட்டா விரல்ல எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், ஒரு வாசனை அடிக்கும். கன்னடத்துல 'சொகடு'ன்னு அதுக்குத் தனி வார்த்தையே இருக்கு. பெங்களூர்ல அவரைக்காய்க்குன்னே வருஷா வருஷம் திருவிழா நடத்தறாங்க. அவரை தோசை, அவரை ஜிலேபி வரைக்கும் உண்டு.

பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகம் ஹெப்பாள் அவரை 3, 4னு ரகங்கள் விட்டிருக்கு. அதுக்குப் பகல் ராத்திரிக் கணக்கு கிடையாது, எப்ப விதைச்சாலும் காய்க்கும். விவசாயிக்கு லாபம், தப்பே சொல்ல முடியாது. ஆனா அவ்வா அதைச் சமைச்சுட்டு ஒரே வார்த்தை சொன்னாங்க: "வாசனை இல்ல."

இனி ஆறு

இப்ப அவ்வா கேட்ட கேள்விக்கு வரேன். எந்தத் தண்ணி?

தென்பெண்ணை நந்தி மலையில பிறக்குது. பெங்களூருக்குக் கிழக்கால இறங்கி, தமிழ்நாட்டுக்குள்ள கொடியாளம் பக்கம் நுழைஞ்சு, முதல்ல வந்து நிக்கற இடம் எங்க கெலவரப்பள்ளி அணை. முழுக் கொள்ளளவு 44.28 அடி. இடது, வலதுன்னு ரெண்டு வாய்க்கால், ரெண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான ஏக்கர். இங்கிருந்து போற தண்ணிதான் கீழ கே.ஆர்.பி. அணைக்கும் போகுது.

மேல என்ன நடக்குது? பெங்களூரோட பெலந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி ரெண்டும் நிறைஞ்சு வழியறது இந்த ஆத்துலதான். ஊரோட கழிவுநீர்ல பெரும்பங்கு அந்த ஏரிகளுக்கு வருது. 2015லயும் 2017லயும் 2018லயும் பெலந்தூர் ஏரியே தீப்பிடிச்சு எரிஞ்சது, ஞாபகம் இருக்கும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. துணி சோப்பு, பாத்திர சோப்பு, தொழிற்சாலைக் கழிவு எல்லாம் சேர்ந்து வந்து, எங்க அணை ஷட்டர்ல உயரத்துலருந்து விழும்போது கலங்கி நுரையாப் பொங்குது. 2024 அக்டோபர்ல தட்டிகானப்பள்ளி பக்கம் தரைப்பாலத்தை நுரை மூடி ரோடே தெரியல. டிவிக்காரங்க வந்து பனிமலை மாதிரின்னு வர்ணிச்சாங்க. நாத்தத்தை டிவியில காட்ட முடியாதே.

ஓசூர்க்காரன் எல்லாப் பழியையும் பெங்களூர் மேல போட்டுட்டுத் தப்பிக்கவும் முடியாது. 70கள்ல சிப்காட் வந்தது. 80கள்ல அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன்னு வரிசையா வந்து இந்த ஊருக்கே சோறு போட்டது. எங்க அப்பாவும் ஒரு கம்பெனியில மெஷின் ஓட்டித்தான் என்னைப் படிக்க வச்சார். ஊர் பெருத்தது, ஓசூர் 2019ல மாநகராட்சியும் ஆச்சு. எங்க சாக்கடையும் எங்கேயோ போய்த்தானே விழுது?

இதை எழுதும்போது இன்னொண்ணு உறைச்சது. என் ஆபீஸ் இருக்கறது எங்க தெரியுமா? பெலந்தூர்ல! தினம் காலையில கம்பெனி பஸ்ல அத்திப்பள்ளி தாண்டி நாப்பது கிலோமீட்டர் சொச்சம் போறேன். அங்க கை கழுவற சோப்புத் தண்ணியில கொஞ்சம் பெலந்தூர், வர்த்தூர் வழியா எங்க ஊருக்குத் திரும்பி வரும். என் கம்பெனி பஸ் சில்க் போர்டு டிராபிக்ல நிக்கற நேரத்தைப் பாத்தா, தண்ணி எனக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்து சேர்ந்தாலும் ஆச்சரியமில்ல.

2018லருந்து பெங்களூர் கழிவுநீரைச் சுத்திகரிச்சு கோலார் ஏரிகளுக்கு பம்ப் பண்ணி அனுப்பறாங்க. அதாவது சுத்திகரிச்சு அனுப்ப வழி இருக்கு, தெரிஞ்சும் இருக்கு. எங்க பக்கம் சுத்திகரிக்காம வர்றதுக்கு ஒரே காரணம், பள்ளம் இந்தப் பக்கம் இருக்கு. தண்ணிக்கு மாநில எல்லை தெரியாது, அதிகாரிங்களுக்கு மட்டும் நல்லாத் தெரியும்.

எங்க வீட்டுக் கணக்கு

எங்களுக்கு ரெண்டு துண்டு நிலம். ஒண்ணு வாய்க்கால் பாயற ஒரு ஏக்கர். இன்னொண்ணு மேட்டுக்காடு, ஒண்ணரை ஏக்கர், மானாவாரி. ஒரு காலத்துல வாய்க்கால் நிலம்தான் தங்கம், மேட்டுக்காடு சும்மா. வாய்க்கால் நிலத்துல அப்பா முட்டைக்கோஸ், தக்காளி, கொத்தமல்லின்னு போடுவார், எல்லாம் பெங்களூருக்கு லாரி ஏறும். இப்ப அவர் அதுல சாப்பிடற காய் எதுவும் போடறதில்ல. மாட்டுக்குத் தீவனப்புல்லும், கொஞ்சம் சாமந்தியும்தான். "நாம திங்கப் பயப்படறதை இன்னொருத்தனுக்கு எப்படிடா விக்கறது?"ன்னு கேட்டார். எல்லாராலயும் அப்படி நிறுத்த முடியாது, எங்க அப்பாவுக்கு என் சம்பளம் இருக்கு. கடன் வாங்கி நாத்து நட்டவன் அந்தத் தண்ணியைத்தான் பாய்ச்சணும். அவனைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல.

மேட்டுக்காட்டுக்கு மழை மட்டும்தான். அங்கதான் அவ்வாவோட ராகியும் நாட்டு அவரையும். சும்மாக் காடுன்னு சொன்ன நிலம்தான் இப்ப எங்க வீட்ல சுத்தமான நிலம். அந்த ஓட்டல் தட்டுல வந்த ராகி உருண்டையும் இந்த மாதிரி ஒரு மேட்டுக்காட்டுலருந்து வந்திருந்தா, அந்த விலையில ஒரு நியாயம் இருக்கு. இல்லாட்டி 'உள்ளூர்'ங்கறது வெறும் தூரக் கணக்கு. நாப்பது கிலோமீட்டருக்குள்ள விளைஞ்சதுன்னா, எங்க வாய்க்கால் முட்டைக்கோஸும் பெங்களூருக்கு உள்ளூர்தான்!

பிரச்சனை என்னன்னா, அந்த மேட்டுக்காட்டைத்தான் விலைக்குக் கேக்கறாங்க. லேஅவுட் போடறதுக்கு. ரோட்டுக்குப் பக்கம், மேடு, தண்ணி தேங்காது. அவங்க சொல்ற தொகையை ராகி விளைய வச்சு சம்பாதிக்க எனக்கு நூறு ஜென்மம் வேணும். வாய்க்கால் நிலத்தை யாரும் கேக்கல, நாத்தம் அடிக்குதாம். அப்பாவுக்குக் கொஞ்சம் மனசு இருக்கு, தங்கச்சி கல்யாணம் வருது. நான் இத்தனை நாள் 'உங்க இஷ்டம்பா'ன்னு சொல்லிட்டிருந்தேன். அந்த ஓட்டலுக்குப் போய்ட்டு வந்ததுலருந்து அப்படிச் சொல்ல வரல. கல்யாணத்துக்கு லோன் போடறேன், ரெண்டு வருஷம் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன். அப்பா சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அவ்வா மட்டும் ஆடியில வழக்கம் போல விதைப்பை எடுத்து வெயில்ல காய வச்சுட்டாங்க. விதைச்சாச்சு. மார்கழி வரைக்கும் நிலம் எங்களோடதுதான், அதுக்கப்புறம் தெரியாது.

இது சரியா, வெறும் சென்டிமென்ட்டான்னு எனக்கே தெளிவில்ல. இந்த நிலைமையில இருந்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.

பி.கு.: ருசிக்காக அவ்வாவோட பிதுக்குப்பருப்புக் குழம்பு. அவரைக்காயை உரிச்சு, கொட்டையை ராத்திரி பூரா தண்ணியில ஊற வைங்க. காலையில ஒவ்வொண்ணா ரெண்டு விரல்ல பிதுக்கினா தோல் தனியா, பருப்பு தனியா வந்துடும். வீட்ல எல்லாரையும் உக்கார வச்சாத்தான் இந்த வேலை முடியும். வெங்காயம், தக்காளி, தேங்காய், கொத்தமல்லித் தழை, பூண்டு, மிளகாய், கொஞ்சம் பட்டை கிராம்பு அரைச்சு ஊத்தி, பருப்பு குழையாம வேக விடுங்க. சூடான ராகிக் களியைக் கிள்ளி, குழம்புல தோய்ச்சு, மெல்லாம முழுங்கணும். மென்னா பல்லுல ஒட்டிக்கும். அந்த ஓட்டல்ல எங்க டீம் மொத்தமும் மென்னுக்கிட்டிருந்தது. நான் மட்டும் முழுங்கினேன் :-)